புட்குழியில் எந்தப் புள்?

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 12 கி.மீ. போனால் பாலுசெட்டிசத்திரம். அதை ஒட்டினாற்போல் திருப்புட்குழி. நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயிலும் ஜடாயு தீர்த்தமும் உள்ள ஊர். பட்டு எடுக்கக் காஞ்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வரதரையும் காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இங்கே வருகிறவர்களும் பெருமாளைச் சேவித்துவிட்டு அடுத்த திருப்பதிக்குப் புறப்படுகிறார்கள். ஊரின் பெயரை நின்று நிதானமாகப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த வட்டாரத்தின் பழஞ்சின்னங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் அந்தப் பெயரைத்தான் முதலில் வைப்பேன். 8ஆம் நூற்றாண்டில் திருமங்கையாழ்வார் பாடியபோதே அது ஊர் அறிந்த பெயர்.

முதலில் பெயரைப் பிரித்துக்கொள்வோம். திரு என்பது மரியாதைக்குச் சேர்ந்த அடைமொழி. ஆழ்வார் வாக்கில் இருப்பது வெறும் புட்குழிதான். அது புள்ளும் குழியும் சேர்ந்தது. ளகர ஈற்றுக்குப் பின் வல்லினம் வந்தால் ளகரம் டகரமாகும். கள்ளும் குடமும் சேர்ந்து கட்குடம் ஆவதும், முள்ளும் செடியும் சேர்ந்து முட்செடி ஆவதும் இதே விதிப்படிதான். புள் என்றால் பறவை. குழி என்றால் பள்ளம். பறவைப் பள்ளம். இதில் சிக்கல் ஒன்றும் இல்லை என்று தோன்றும். எந்தப் பறவை, எதற்கான பள்ளம் என்று கேட்கும்போதுதான் பெயர் விரியத் தொடங்குகிறது.

அதற்கு முன் வாய்வழக்கைப் பார்த்துவிட வேண்டும். வேகமாகச் சொல்லும்போது டகரம் நிற்பதில்லை. திருப்புக்குழி என்றே சொல்கிறார்கள். பழைய ஆங்கில ஆவணங்களிலும் பல இடங்களில் ககரம் இரட்டித்த இந்த வடிவமே ஏறியிருக்கிறது. ட்க என்ற மெய்யிணை நாவுக்குக் கொஞ்சம் முரடு, க்க எளிது. ஆனால் அந்த ஒரு டகரம் போனால் பறவையும் போய்விடுகிறது. புட் என்பதில் புள்ளைக் காணலாம். புக் என்பதில் எதைக் காண்பது?

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பழந்தமிழில் புக்குழி என்று தனியாகவே ஒரு சொல் உண்டு. புக்க என்பதும் உழி என்பதும் சேர்ந்தது. புகுந்த இடம், புகுந்தபோது என்று பொருள் தரும். உழி என்பதை ஏழாம் வேற்றுமை உருபுகளில் ஒன்றாக நன்னூல் சொல்கிறது. இலக்கணம் படித்த ஒருவர் கோயிலைப் பாராமல், கதையைக் கேளாமல், திருப்புக்குழி என்ற வாய்வழக்கை மட்டும் வைத்துக்கொண்டால், திரு புகுந்த இடம் என்று மிகத் துணிவாகப் பொருள் சொல்லிவிட முடியும். திருமகள் புகுந்த ஊர் என்று அதிலிருந்து ஒரு தலபுராணமே எழுதலாம். இலக்கணப்படி குறையே இருக்காது. வரலாற்றுப்படி முழுத் தவறு. அப்படி நடக்காமல் காத்தது திவ்வியப் பிரபந்தம். ஏட்டிலும் கோயிலில் அதை ஓதும் கோஷ்டியிலும் புட்குழி என்றே நின்றதால், தெருவில் டகரம் தேய்ந்தாலும் சந்நிதியில் தேயவில்லை.

இனி புள். இந்தச் சொல் இன்று பேச்சில் இல்லை. பறவை இருக்கிறது, குருவி இருக்கிறது, பட்சி இருக்கிறது. காஞ்சித் தறிக்காரர்களிடம் கேட்டால் சேலைக் கரையிலும் முந்தானையிலும் ஓடும் உருவங்களை அன்னப்பட்சி, இருதலைப்பட்சி, மயில், கிளி என்று சொல்வார்கள். அத்தனை பறவைகளை நெய்கிற ஊரில் புள் என்ற சொல் யார் வாயிலும் இல்லை. அண்டை மொழிகளில் உறவு தொடர்கிறது: மலையாளத்தில் புள்ளு, தெலுங்கில் புலுகு. தமிழில் அது ஏட்டுச் சொல்லாகி, புள்ளினம் என்ற கூட்டுச் சொல்லில் ஒதுங்கிவிட்டது.

ஒரு காலத்தில் புள்ளுக்குப் பறவையைத் தாண்டியும் பொருள் இருந்தது. நிமித்தம் என்ற பொருளில் தொல்காப்பியம் அதை நாளோடு சேர்த்துச் சொல்கிறது. பறவை பறக்கும் திசையையும் குரலையும் பார்த்து நல்லது கெட்டது தெரிந்துகொண்டதால், பறவையின் பெயரே நிமித்தத்துக்கும் பெயராயிற்று. வைணவ வழக்கில் இன்னொரு படி ஏறியது. அங்கே புள் என்று தனியாகச் சொன்னால் கருடன். திருப்பாவையின் 6ஆம் பாசுரமும் 13ஆம் பாசுரமும் புள் என்ற சொல்லிலேயே தொடங்குகின்றன. 6ஆவதில் விடியலில் கூவும் சாதாரணப் பறவைகளும் உண்டு, பறவை அரசனான கருடனும் உண்டு. 13ஆவதில் அது கொக்கு வடிவில் வந்த அசுரன். ஒரே நூலில், ஒரே சொல்லில், மரத்துப் பறவையும் வாகனமும் பகைவனும். மார்கழியில் இதை வாய்விட்டுச் சொல்லும் குழந்தைகள், அன்றாடப் பேச்சில் இல்லாத ஒரு சொல்லை ஆண்டுதோறும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே புட்குழி என்றதும் வைணவர் காதுக்கு உடனே ஒரு பெரிய பறவை தோன்றுவது இயல்பு. இங்கே அது கருடனாக இல்லாமல் சடாயு ஆனதுதான் இந்த ஊரின் கதை. இராவணனோடு பொருது சிறகிழந்து விழுந்த சடாயுவுக்கு இராமன் மகனாக நின்று ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலவரலாறு. வைணவப் பெரியோர் சடாயுவைப் பெரிய உடையார் என்றே சொல்வார்கள்.

கருவறையில் இந்தக் கதையை எப்படி நிலைநாட்டியிருக்கிறார்கள் என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மூலவர் கிழக்கு நோக்கி வீற்றிருக்கிறார், மடியில் சடாயு. அருகே தேவியர் இருவர். எந்தப் பெருமாள் கோயிலிலும் வலப்புறம் ஸ்ரீதேவி, இடப்புறம் பூதேவி என்பது வழக்கம். இங்கே இடம் மாறியிருக்கிறது. சடாயுவுக்கு எரியூட்டிய வெப்பம் தாங்காமல் ஸ்ரீதேவி விலகினாள் என்று விளக்கம் சொல்வார்கள். சீதையைப் பிரிந்திருந்த இராமன் பூமிப்பிராட்டியைத் துணையாகக் கொண்டு கடன் செய்தான் என்றும் சொல்வார்கள். எந்த விளக்கத்தை எடுத்தாலும், சிற்பியின் உளி பட்ட இடத்தில் கதை கல்லாகிவிட்டது. தாயார் மரகதவல்லி. பயறை வறுத்து நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுத்து, விடிந்தால் முளைத்திருக்கிறதா என்று பார்க்கும் பெண்களின் நம்பிக்கை இந்தத் தாயாரைச் சுற்றியது. வறுத்த பயறு முளைவிக்கும் தாயார் என்றே வழங்குகிறார்கள். இறந்த பறவைக்குக் கடன் தீர்த்த இடத்தில் பிள்ளை வரம் கேட்பது எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இராமன் அங்கே பிள்ளையின் கடமையைத்தானே செய்தான்.

இனி ஆழ்வாரிடம் போவோம். திருமங்கையாழ்வார் இந்த ஊரை இரண்டு இடத்தில் சொல்கிறார். ஒன்று, பெரிய திருமொழியில் திருவிடவெந்தைப் பதிகம். மகளின் காதல் நிலையைத் தாய் எடுத்துச் சொல்லும் பாட்டு அது. அந்தப் பெண் புட்குழியைப் பாடுகிறாள், நீர்மலைக்குப் போவோமா என்று கேட்கிறாள். பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலைதான் அது. பெயரிலேயே நீர் உள்ள ஊர். புட்குழிக்கு அவர் கொடுக்கும் அடைமொழியும் வயலையும் அலை மோதும் நீரையும் சொல்லுகிறது. மற்றோர் இடம் பெரிய திருமடல். அங்கே புட்குழிப் பெருமாளைப் போரேறு என்கிறார். அதற்குச் சற்று முன்னால் மரகதம் என்ற சொல் வருகிறது. தாயார் பெயரும் மரகதவல்லி. இது தற்செயல் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இந்த இரண்டு இடத்திலும் சடாயு இல்லை. ஈமக்கடன் இல்லை, சிறகு இல்லை, மடி இல்லை. ஊர்ப் பெயரும், நீரும், போர்க்குணமும் மட்டும் இருக்கின்றன. சடாயு கதையை ஆழ்வார் அறியாதவர் அல்லர். இங்கே அதைச் சொல்லவில்லை, அவ்வளவே.

இதைப் புள்ளிருக்குவேளூரோடு, அதாவது இன்றைய வைத்தீசுவரன்கோயிலோடு, ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகத்திலேயே சம்பாதியும் சடாயுவும் வந்துவிடுகிறார்கள். பெயரும் கதையும் அங்கே ஒன்றாகவே நமக்குக் கிடைக்கின்றன. பின்னால் வந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. புள் என்றால் சடாயு, இருக்கு என்றால் இருக்கு வேதம், வேள் என்றால் முருகன், ஊர் என்றால் சூரியன், இந்த நால்வரும் வழிபட்ட தலம் என்று ஒவ்வோர் அசைக்கும் ஓர் அடியாரை நியமித்தார்கள். பெயரில் ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். சொல்லாராய்ச்சியாக மட்டும் அதை ஏற்க முடியாது. வேளூர் என்று முடியும் ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. அங்கும் சடாயுவை எரித்த இடமாக ஜடாயு குண்டம் காட்டுகிறார்கள். குண்டம் என்றாலும் குழிதான்.

சடாயுவுக்கு உரிமை கொண்டாடும் ஊர்கள் இன்னும் உண்டு. சுவாமிமலைப் பக்கம் திருப்புள்ளம்பூதங்குடி. அதுவும் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பதி, அங்கும் பெயரில் புள், அங்கும் இராமன். கேரளத்தில் சடயமங்கலம், அங்கே பாறைமேல் 200 அடி நீளத்தில் கட்டிய சடாயு சிற்பம் 2018இல் திறக்கப்பட்டது. ஆந்திரத்தில் லேபாட்சி, வீழ்ந்த பறவையைப் பார்த்து இராமன், எழு பட்சியே என்று தெலுங்கில் சொன்னதால் வந்த பெயர் என்பார்கள். வால்மீகியோ சடாயுவின் நீர்க்கடனைக் கோதாவரியில் வைக்கிறார். இத்தனை ஊர்களும் பொய் சொல்கின்றன என்று நான் எண்ணவில்லை. பெயரில் பறவை இருந்த ஊர்களைத் தேடி, இராமாயணத்தின் மிகப் பெரிய பறவை வந்து இறங்கியது என்றுதான் எண்ணுகிறேன்.

பெயரிலிருந்து கதை பிறக்குமா என்று கேட்பவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போக வேண்டும். நம்மவர் அங்கே போனால் கோட்டைகளையும் பழைய ஊர்களையும் சுற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சசெக்சில் அருண்டெல் என்று ஓர் ஊர். குன்றின்மேல் கோட்டை, கீழே ஆறு, சரிவில் பழைய தெருக்கள். கோட்டையைத் தொடங்கியவர் நார்மன் பிரபு ரோஜர் டி மாண்ட்கோமரி, ஆண்டு 1067. தூரத்திலிருந்து பார்த்துப் படம் எடுக்கும் கோபுரங்களிலும் மதில்களிலும் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் நார்ஃபோக் கோமகன்கள் புதுப்பித்துக் கட்டியது. பெயரோ 1086இல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கிலேயே ஹருண்டெல் என்று பதிவாகியிருக்கிறது. கோட்டைக்கு வருகிறவர் தொட்டுப் பார்க்கும் பல கற்களைவிட அந்தப் பெயர் எட்டு நூற்றாண்டு மூத்தது.

அந்த ஊரின் சின்னம் ஒரு பறவை. தகைவிலான் குருவி. பிரெஞ்சு மொழியில் தகைவிலானுக்கு இரோந்தெல் என்று பெயர். நார்மன் பிரபுக்கள் பேசியது பிரெஞ்சு. அவர்கள் காதில் அருண்டெல்லும் இரோந்தெல்லும் ஒன்றாக ஒலித்தன. கேடயத்தில் தகைவிலான் ஏறிவிட்டது. அருண்டெல் என்ற பெயர் கொண்ட குடும்பம் ஆறு தகைவிலான்களைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டது. உண்மையில் அந்தப் பெயர் பழைய ஆங்கிலம். தும்பைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கசப்பு மூலிகையின் பெயரும், பள்ளத்தாக்கைக் குறிக்கும் டெல் என்ற சொல்லும் சேர்ந்தது. மூலிகை முளைத்த பள்ளம்! செடியை மறந்த பிறகு அந்தக் காலியிடத்தில் பறவை வந்து உட்கார்ந்தது.

அங்கே நடந்தது இதோடு முடியவில்லை. ஊரின் கீழே ஓடும் ஆற்றுக்குப் பழைய பெயர் டாரன்ட். அருண்டெல் என்றால் அருண் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று பிற்காலத்தார் பிரித்துக்கொண்டார்கள். அப்படியானால் ஆற்றின் பெயர் அருண் ஆகத்தானே இருக்க வேண்டும்? ஆற்றுக்கே அருண் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழைய பெயர் அவ்வூரின் டாரன்ட் தெருவில் மட்டும் தங்கிவிட்டது. கேம்பிரிட்ஜிலும் இப்படித்தான், ஆற்றின் பழைய பெயர் கிரான்டா, ஊர்ப் பெயர் மாறிய பின் அதிலிருந்து கேம் என்று ஆற்றுக்குப் பெயர் வந்தது. ஒரு தவறான பிரிப்பு, நிலப்படத்தில் ஓடும் ஆற்றின் பெயரையே மாற்றியிருக்கிறது.

நம் பக்கத்திலும் கோட்டை ஊர் ஒன்றுக்கு இது நேர்ந்திருக்கிறது. செங்கல்பட்டு. 1751இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1752இல் கிளைவ் பிடித்த கோட்டை அது. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் செங்கல்தான் நினைவுக்கு வரும். செங்கல் சூளை இருந்திருக்கும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அதன் பழைய வடிவம் செங்கழுநீர்ப்பட்டு. செங்கழுநீர் நீர்நிலையில் பூக்கும் பூ. கொளவாய் ஏரி பக்கத்திலேயே இருக்க, பூவுக்கா பஞ்சம்? அருண்டெலில் செடி பறவையாயிற்று. இங்கே பூ செங்கல் ஆயிற்று. நல்ல வேளையாகப் பூவைச் சொல்லும் பழைய வடிவம் அழியாமல் கிடைத்தது. இல்லையென்றால் செங்கல்லை மறுக்க நம்மிடம் சான்று இராது.

புட்குழியை இவற்றோடு அப்படியே சேர்த்துவிடக் கூடாது. அருண்டெலில் பறவை வெளியிலிருந்து வந்தது. புட்குழியில் பறவை முதலிலிருந்தே உள்ளே இருக்கிறது. இலக்கணம் அதற்குச் சாட்சி. அந்தப் பறவைக்குச் சடாயு என்று பெயர் சூட்டியதுதான் பிற்பாடு நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இதைச் சொல்லக் குழி என்ற சொல் எனக்குத் துணை நிற்கிறது.

குழி என்றதும் இன்று சாலைக் குழியும் சவக்குழியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. சோழர் கல்வெட்டுகளில் அது நில அளவு. குழிக் கணக்கில் நிலம் விற்றார்கள், கொடுத்தார்கள். ஊர்ப் பெயரின் ஈற்றில் வரும்போது தாழ்ந்த நிலம், நீர் தங்கும் பள்ளம். மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி அப்படி ஒரு பெயர். அதுவும் கோட்டை ஊர்தான். 1759 டிசம்பரில், வந்தவாசிப் போருக்குச் சில வாரம் முன்பு, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதைப் பிடித்தார். வடலூரை அடுத்து வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வேறு. இரண்டு பெயரிலும் புதைக்கப்பட்டவர் யாரும் இல்லை. கரிய மண் பள்ளம் என்றே பொருள் கொள்கிறோம்.

புட்குழியின் வடமொழிப் பெயரைப் பாருங்கள்: கிருத்ர சரஸ். கிருத்ரம் கழுகு. சரஸ் பொய்கை. மொழிபெயர்த்தவர் குழியைப் பொய்கை என்றே எடுத்துக்கொண்டார். சவக்குழி என்று அவர் எண்ணியிருந்தால் இந்தச் சொல்லைப் போட்டிருக்க மாட்டார். பறவைக்குத்தான் அவர் புதிதாக ஒன்று செய்தார்: பொதுவான புள்ளைக் கழுகு என்று குறுக்கினார். அந்தக் குறுக்கலில் சடாயு உறுதியாகிவிட்டார். இராமன் அம்பெய்து தீர்த்தம் உண்டாக்கினான் என்ற தலவரலாறும் இந்த இரண்டு பொருளையும் இணைக்கிற முயற்சிதான். எரித்த இடமும் வேண்டும், நீரும் வேண்டும். நீர்க்கடனுக்காகத் தோண்டிய குளம் என்றால் இரண்டும் பொருந்திவிடும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்பார்கள். மழைநீரைத் தேக்கி வாழ்ந்த தொண்டை நாட்டில், தாழ்ந்த நிலம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் தண்ணீர். தண்ணீர் உள்ள இடத்தில் கொக்கும் மடையானும் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும். வேடந்தாங்கல் குடியானவர்கள், ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் கவுல் என்னும் உறுதிப் பத்திரம் வாங்கி வைத்தவர்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிருக்குத் தனி உரம் வேண்டாம் என்பது அவர்கள் அறிந்த கணக்கு. அப்படிப்பட்ட நாட்டில், பறவை அடையும் ஒரு நீர்ப்பள்ளத்துக்குப் புட்குழி என்று உழவர்கள் பெயர் வைத்தார்கள் என்பதில் என்ன வியப்பு? ஆழ்வார் அடைமொழியில் வயலும் நீரும் நிற்பதற்கும் அது ஒத்துப்போகிறது.

இப்படிச் சொல்வதால் சடாயு இந்த ஊரில் ஒரு படி கீழே இறங்கிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். உழவர் வைத்த பெயருக்குள் ஒரு காவியத்தையே குடியேற்றி, கருவறையில் தேவியரின் இடத்தையே மாற்றி, அதை வழிபாடாக நடத்திவருவது சிறிய காரியமா? அருண்டெலில் தகைவிலான் கேடயத்தில் ஏறி அமர்ந்ததோடு சரி. புட்குழியில் பறவை மடிக்கே வந்துவிட்டது.

கோட்டைப் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் செஸ்டர், மான்செஸ்டர், கோல்செஸ்டர், லங்காஸ்டர் என்ற பெயர்களின் ஈற்றில் இருப்பது படைமுகாமைக் குறிக்கும் லத்தீன் சொல். ரோமானியர் போய் ஆயிரத்து அறுநூறு ஆண்டு ஆகிறது. மதில் இடிந்த ஊரிலும் பெயரில் முகாம் இருக்கிறது. காஞ்சிக்கும் அப்படித்தான். ஆழ்வார்கள் கண்ட மதில் இன்று நமக்குக் காணக் கிடைக்காது. ஆனால் சோழர் கல்வெட்டுகளில் காஞ்சிபுரம் எயிற்கோட்டத்து நகரம். எயில் என்றால் மதில். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களும் குறும்பர்களின் 24 கோட்டைகள் என்று செவிவழிச் செய்தி உண்டு. எயிலின் லகரம் எயிற்கோட்டத்தில் றகரமாக, புள்ளின் ளகரம் புட்குழியில் டகரமாக நிற்கிறது.

எழுத்து மாறினால் ஊரே மறைந்தும் போகலாம். இதே காஞ்சி வட்டாரத்தில்தான் 1780இல் புள்ளலூர்ப் போரில் கர்னல் பெய்லியின் படையைத் திப்பு முறியடித்தான். ஆங்கிலேயர் அந்த ஊரைப் பொல்லிலூர் என்று எழுதியதால், போரைப் படித்தவர்கள் பலருக்கு ஊர் தெரியாமலே போயிற்று. மகேந்திரவர்மன் பகைவரை வென்ற களமாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்லும் புள்ளலூரும் அதுவே. பெரும்போர்கள் நடந்த ஊரை ஆங்கில எழுத்து மறைத்துவிட்டது.

சொல்லைப் பிரிப்பது சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களுக்குத் திருப்புட்குழியிலேயே விடை இருக்கிறது. இராமானுசர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றது இவ்வூரில் என்பது வைணவ வரலாறு. பிறந்த ஸ்ரீபெரும்புதூரும் பயின்ற புட்குழியும் இன்று ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கின்றன. ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் மாணவர். சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்ணைத் தாமரைக்கு ஒப்பிடும் இடத்தில் கப்யாசம் என்று ஒரு சொல் வருகிறது. அதைக் கபி, ஆசம் என்று பிரித்தார் ஆசிரியர். கபி என்றால் குரங்கு. குரங்கின் பின்புறம்போல் சிவந்த தாமரை என்று பொருள் ஆயிற்று. மாணவரின் கண்ணீர் ஆசிரியரின் தொடையில் சுடச்சுட விழுந்தது. ஏன் என்று கேட்டபோது, கபி என்றால் நீரைப் பருகும் கதிரவன், கப்யாசம் என்றால் கதிரவனால் மலர்ந்தது என்று வேறு பொருள் சொன்னார் இராமானுசர். ஆழ்ந்த நீரில் தோன்றி, தண்டின்மேல் நின்று, கதிரொளியில் விரிந்த தாமரை இதழ் போன்ற கண் என்று பிற்காலத்தில் தம் வேதார்த்த சங்கிரகத்திலும் எழுதிவைத்தார். ஆசிரியரும் மாணவரும் பிரிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தப் பிளவு ஒரு சொல்லின் பொருளில் தொடங்கியதாக மரபு நினைவில் வைத்திருக்கிறது. ஒரு சொல்லைத் தாழ்வாகப் பொருள் கொண்டதற்காக ஓர் இளைஞன் அழுத ஊர் இது.

ரா.பி. சேதுப்பிள்ளையின் ஊரும் பேரும் நமக்கு இந்தப் பாதையை எப்போதோ காட்டிவிட்டது. இங்கிலாந்தில் ஊர்ப் பெயர்களை மாவட்டம் மாவட்டமாக ஆராய்வதற்கென்றே 1923இல் ஒரு சங்கம் தொடங்கி, தொகுதி தொகுதியாக வெளியிட்டுவருகிறார்கள். ஒவ்வோர் ஊருக்கும் எந்த ஆண்டில் எந்த ஆவணத்தில் எந்த எழுத்து என்று வரிசையாக வைத்த பிறகுதான் பொருள் சொல்வார்கள். அருண்டெலின் தகைவிலானை அப்படித்தான் மூலிகையாகக் கண்டுபிடித்தார்கள். தொண்டை மண்டலத்துக்கு அப்படி ஒரு வரிசை வேண்டும்: பிரபந்த வடிவம், கல்வெட்டு வடிவம், வருவாய்த் துறை வடிவம், வாய்வழக்கு, நான்கும் பக்கம் பக்கமாக.

2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. எழுத்தைப் பற்றி எழுந்த விமர்சனங்களால் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. மறுபடியும் அப்படி ஒரு முயற்சி வந்தால், ஒலிப்பை மட்டும் பார்த்தால் போதாது. திருப்புட்குழியை இன்று காதில் விழும்படி எழுதினால் டகரம் போய்விடும். அந்த எழுத்தை விடாமல் எழுத வேண்டும், ஆங்கிலத்திலும்கூட. ளகரப் புணர்ச்சி நடத்தும் தமிழாசிரியர்கள் இந்த வட்டாரப் பள்ளிகளில் முதல் எடுத்துக்காட்டாகப் புள், குழி, புட்குழி என்று கரும்பலகையில் எழுதினால், பேருந்தில் அந்த ஊரைக் கடந்து வரும் பிள்ளைகளுக்கு விதி மறக்காது.